பெயரற்ற முகமும் முகடு வேயும் ஆட்டமும்: ஒரு சமோவ நிழற்படத்தின் மறுபிறப்பு

நிழற்படத்தில் இருப்பவர் எவராயினும் அவர்மீது மரணத்தின் சாயல் படிந்தே இருக்கும் என்ற கருத்து, பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலான் பார்த் 1980இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு பரவலாக வழங்கி வருகிறது. தம் தாயின் சிறுவயதுப் படம் ஒன்றைச் சுற்றியே அந்நூலின் இரண்டாம் பகுதியைக் கட்டிய பார்த், அப்படத்தை மட்டும் நூலில் அச்சிடவில்லை. பிறருக்கு அது எத்தனையோ படங்களுள் ஒன்று என்பதே அவர் சொன்ன காரணம். இங்குதான் அவருடைய வாதத்தின் எல்லை புலப்படுகிறது. தாயின் பெயரையும் வாழ்வையும் அறிந்த மகன் துக்கத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடிந்தது. பெயரே எழுதப்படாமல், எவரும் பார்க்கும்படி ஆல்பத்தில் ஒட்டப்பட்ட ஒருவருக்காகத் துக்கம் காப்பவர் யார் என்ற கேள்வி அவ்வாதத்துக்குள் எழவில்லை.

அத்தகைய படம் ஒன்று நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. நிழற்படக்காரர் தாமஸ் ஆண்ட்ரூ எடுத்த அப்படத்துக்கு ‘சமோவக் கலப்பினத்தவர்’ என்பதே தலைப்பு. அது இடம்பெறும் ஆல்பம் 1886ஆம் ஆண்டுக்குரியது. ஆண்ட்ரூ சமோவாவில் குடியேறியது 1891இல் என்பதால், அவர் அத்தீவுகளில் வாழத் தொடங்குமுன் பயணியாக எடுத்த படமாக இதைக் கொள்ளலாம். எனினும் எடுத்த இடத்தைத் தலைப்பைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது. தலைப்பு குருதிக் கலப்பைச் சொல்கிறது, ஊரைச் சொல்லவில்லை.

அப்படத்தில் உள்ள பெண் அணிந்திருக்கும் விக்டோரியா காலத்து ஆடை துக்க உடையாகவே விளக்கப்படுகிறது. அன்றைய ஒளித்தட்டுகள் பெரும்பாலும் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. அடர்சிவப்பும் அவற்றில் ஏறக்குறைய கருப்பாகவே பதியும். ஆகவே துக்கத்தை அச்சுப்படியின் கருமையிலிருந்து மட்டும் நிறுவுவது கடினம். துக்கம் படத்தில் கிடந்து கண்டெடுக்கப்பட்டது என்பதைவிட, பின்னால் வந்த ஒரு கலைஞர் அதை அப்பெண்ணுக்காக ஏற்றுக்கொண்டார் என்பதே பொருந்தும்.

அக்கலைஞர் யூகி கிஹாரா. 1975இல் பிறந்த, சமோவ–ஜப்பானிய வழிவந்த இவர் ஃபாஃபஃபினே, அதாவது ஆணாகப் பிறந்து பெண்ணின் முறையில் வாழ்வோருக்குச் சமோவ மரபில் உள்ள இடத்தைச் சேர்ந்தவர். ஆண்ட்ரூவின் படத்திலிருந்து ‘சலோமி’ என்னும் பாத்திரத்தை உருவாக்கி, நீண்ட கருப்பு உடையில் ‘தௌஅலுங்கா: இறுதி ஆட்டம்’ என்ற நிகழ்வைக் கலைக்கூடங்களில் ஆடியதோடு, 2006இல் அதை நிகழ்படமாகவும் ஆக்கினார். தௌஅலுங்கா என்ற சொல் வீட்டின் முகட்டை வேய்ந்து கட்டுமானத்தை நிறைவாக்கும் செயலையும், விழாவை நிறைவுசெய்யும் ஆட்டத்தையும் குறிக்கும். மரபில் அதை ஆடுபவர் பெரும்பாலும் தலைவனின் மகள். தலையில் மனித முடியும் சிப்பியும் இறகும் கொண்ட துயிங்கா என்னும் அணி, இடையில் மென்பாய். சலோமியிடம் இவை எவையும் இல்லை. கழுத்து முதல் கால்வரை மூடிய உடையில் எஞ்சுவன மணிக்கட்டும் விரல்களுமே. சமோவ ஆட்டத்தின் நயமும் அவற்றில்தான் தங்கியிருக்கிறது. மகிழ்ச்சியின் முடிவுக்கு உரிய அசைவுகள், 1918இன் கொள்ளைக் காய்ச்சலில் மக்களில் ஐந்தில் ஒரு பங்கினரை இழந்த ஒரு நாட்டின் துக்கத்தை ஏந்துகின்றன.

கிஹாராவின் ‘சிவா இன் மோஷன்’ (2012) என்ற நிகழ்படம் இந்த முறையை மேலும் கொண்டு செல்கிறது. சிவா என்பது நடனத்துக்கான சமோவச் சொல். தமிழ் ஒலியோடு ஒத்திருப்பது தற்செயலே. பிரெஞ்சு அறிவியலாளர் மாரே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே தட்டில் அசைவின் கட்டங்களை அடுக்கிப் பதித்ததைப் போல, இந்நிகழ்படத்தில் சலோமியின் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகி, 2009 செப்டம்பர் 29இல் சமோவாவைத் தாக்கிய ஆழிப்பேரலையாகின்றன. நிறுத்திவைத்து அளந்த கருவியின் உத்தி, நிற்காத உடலிடம் வந்து சேர்கிறது. படம் என்றாலே மரணம் என்ற பார்த்தின் முடிவு இதன்முன் முழுமையானதாக நிற்க முடியாது.

2013இல் கிஹாரா வெளியிட்ட நிழற்படத் தொடரில் சலோமி மீண்டும் வருகிறார். அங்கு அவர் பார்வையாளருக்கு முதுகு காட்டியே நிற்கிறார்.