கஞ்சாவை நிறுத்திய பின் ஏற்படும் சோர்வும் விலகல் அறிகுறிகளும்: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான வழிகாட்டி

பல ஆண்டுகளாகக் கஞ்சா பயன்படுத்தியவர் அதனை நிறுத்தும்போது, முதல் சில வாரங்களில் உடற்சோர்வு, தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை, மனச்சோர்வு ஆகியவை தோன்றலாம். இவை விலகல் அறிகுறிகள் எனப்படும். தொடர்ந்து பயன்படுத்தி வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இவை ஏதேனும் ஓர் அளவில் ஏற்படுகின்றன.

நிறுத்திய பின் உடல்நிலை தேறுவதற்கு மாறாக ஏன் மோசமாகிறது என்ற ஐயம் நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் எழுவது இயல்பு. இதற்கு விடை தெரியாத நிலையில், அறிகுறிகளைத் தணித்துக்கொள்வதற்காகவே சிலர் மீண்டும் கஞ்சாவை நாடுகின்றனர். இந்த அறிகுறிகள் ஏன் தோன்றுகின்றன, எவ்வளவு காலம் நீடிக்கும், அவற்றை எவ்வாறு சமாளிக்கலாம், எப்போது மருத்துவரை அணுக வேண்டும் ஆகியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• விலகல் அறிகுறிகள் பெரும்பாலும் நிறுத்திய 1 முதல் 2 நாட்களில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சமடைந்து, 2 முதல் 3 வாரங்களில் தணிகின்றன.
• சோர்வு என்பது சோம்பலன்று. மூளையும் உடலும் மீண்டும் சமநிலைக்குத் திரும்பும் காலத்தின் விளைவு அது.
• 4 வாரங்களுக்குப் பின்னும் கடுஞ்சோர்வு நீடித்தால், வேறு காரணம் உள்ளதா எனப் பரிசோதிக்க வேண்டும்.
• தற்கொலை எண்ணம், மாயக்குரல் கேட்டல், வலிப்பு ஆகியவை அவசர நிலைகள். உடனே உதவி பெறவும்.

அறிகுறிகள் ஏன் தோன்றுகின்றன?

கஞ்சாவில் போதை தரும் முதன்மையான வேதிப்பொருள் டெட்ராஹைட்ரோகன்னாபினால் ஆகும். சுருக்கமாக இது டி.எச்.சி. எனப்படும். மூளையில் தூக்கம், பசி, மனநிலை, பதற்றம், வலி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சில ஏற்பிகள் உள்ளன. நம் உடலே சுரக்கும் இயற்கையான பொருள்கள் இந்த ஏற்பிகளில் இணைந்து செயல்படுகின்றன. டி.எச்.சி.யும் அதே ஏற்பிகளில்தான் இணைகிறது.

நாள்தோறும் கஞ்சா பயன்படுத்தும்போது இந்த ஏற்பிகள் அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. அதற்கேற்ப மூளை அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கிறது. கஞ்சா நிறுத்தப்பட்டதும் வெளியிலிருந்து வந்த தூண்டுதல் நின்றுவிடுகிறது. குறைந்துபோன ஏற்பிகளோ உடனே பழைய அளவை எட்டுவதில்லை. இந்த இடைவெளியே விலகல் அறிகுறிகளாக வெளிப்படுகிறது. மூளைப் படமெடுப்பு ஆய்வுகளின்படி, இந்த ஏற்பிகளின் மீட்சி நிறுத்திய 2 நாட்களுக்குள்ளேயே தொடங்குகிறது. ஏறத்தாழ 4 வாரங்களில் அவை வழக்கமான அளவை நெருங்குகின்றன.

புகைக்கும் கஞ்சா மட்டுமன்றி, பாலிலோ இனிப்பிலோ கலந்து உட்கொள்ளப்படும் பாங்கும், சரஸும் இதே விளைவையே தருகின்றன. எனவே ஒன்றை நிறுத்தி மற்றொன்றை எடுத்துக்கொள்வது நிறுத்தியதாக ஆகாது.

நாட்கள் செல்லச் செல்ல என்ன நிகழும்?

முதல் 2 நாட்கள்: அமைதியின்மை, எரிச்சல், தூக்கம் வராமை, கஞ்சாவின் மீது கடும் விருப்பம் ஆகியவை தொடங்கும்.

3 முதல் 7 நாட்கள்: அறிகுறிகள் உச்சத்தை எட்டும். தலைவலி, வியர்வை, குளிர் நடுக்கம், வயிற்று வலி, பசியின்மை, சினம், பதற்றம் ஆகியவை தோன்றலாம். இரவில் தூக்கம் கெடுவதால் பகலில் உடல் அயர்ந்துபோகும்.

2ஆம், 3ஆம் வாரம்: உடல் அறிகுறிகள் படிப்படியாகத் தணியும். சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இக்காலத்தில் மேலோங்கித் தெரியலாம்.

4ஆம் வாரமும் அதற்குப் பின்னரும்: பெரும்பாலோர் தேறிவிடுவர். தூக்கக் குறைபாடும் தெளிவான, சில நேரங்களில் அச்சமூட்டும் கனவுகளும் மேலும் சில வாரங்கள் நீடிக்கலாம். கஞ்சா பயன்படுத்துவதுபோலவே கனவு வருவதும் உண்டு. அது மன உறுதி குலைந்ததன் அடையாளமன்று.

முன்னேற்றம் ஒரே சீராக இராது. இரண்டு நல்ல நாட்களுக்குப் பின் ஒரு கடினமான நாள் வரலாம். அதனைப் பின்னடைவாகக் கருத வேண்டியதில்லை.

சோர்வு ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது?

சோர்வுக்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, தூக்கம். கஞ்சாவின் துணையோடு உறங்கிப் பழகிய மூளை, இயல்பான தூக்கத்தை மீண்டும் பழக வேண்டியுள்ளது. இரண்டாவது, உணவு. பசி குறைவதால் உடலுக்குத் தேவையான ஆற்றல் கிடைப்பதில்லை. மூன்றாவது, மனநிலை. முன்பு மகிழ்ச்சி தந்த செயல்கள் சில காலம் சுவையற்றுத் தோன்றும்.

நான்காவது, புகையிலை. கஞ்சாவைப் பீடி அல்லது சிகரெட் புகையிலையுடன் கலந்து புகைத்தவர்கள், நிறுத்தும்போது நிக்கோட்டின் விலகலையும் சேர்த்தே எதிர்கொள்கின்றனர். எனவே மருத்துவரிடம் புகையிலைப் பழக்கத்தையும் தெரிவிக்கவும். அதற்குத் தனியே சிகிச்சை உண்டு.

சோர்வைச் சமாளிக்கும் வழிமுறைகள்

தூக்கம்: முந்தைய இரவு எவ்வளவு குறைவாக உறங்கியிருந்தாலும் நாள்தோறும் ஒரே நேரத்தில் எழவும். பகல் உறக்கம் தேவைப்பட்டால் பிற்பகல் 3 மணிக்கு முன் 20 அல்லது 30 நிமிடங்களோடு நிறுத்திக்கொள்ளவும். படுத்து நீண்ட நேரமாகியும் உறக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் அமைதியான ஒரு செயலில் ஈடுபட்டு, உறக்கம் வரும்போது மீண்டும் படுக்கவும். கைப்பேசியைப் படுக்கையிலிருந்து தள்ளி வைக்கவும்.

காபி, தேநீர்: சோர்வைப் போக்கக் காபியை மிகுதியாகக் குடிப்பது இரவுத் தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் சோர்வைக் கூட்டும். புகைப்பதை நிறுத்தியவர்களின் உடலிலிருந்து காஃபின் மெதுவாகவே வெளியேறுகிறது. ஆகவே முன்பு குடித்த அதே அளவு காபி இப்போது படபடப்பை உண்டாக்கலாம். அளவைக் குறைத்து, நண்பகலுக்குப் பின் தவிர்ப்பது நல்லது.

உணவு: மூன்று வேளை முழு உணவு உண்ண இயலாவிட்டால், சிறிது சிறிதாக ஐந்து அல்லது ஆறு முறை உண்ணவும். இட்லி, கஞ்சி, ரசம் சாதம், தயிர் சாதம், முட்டை, சுண்டல், வாழைப்பழம் போன்ற எளிதில் செரிக்கும் உணவுகள் உதவும். வியர்வை மிகுதியாக இருந்தால் நீர், நீர்மோர் ஆகியவற்றைக் கூடுதலாக அருந்தவும். சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் நீரின் அளவு குறித்து மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.

உடலியக்கம்: முதல் வாரத்தில் காலை வெயிலில் 10 நிமிட நடை போதுமானது. பின்னர் ஒவ்வொரு வாரமும் சிறிது கூட்டி, நாளொன்றுக்கு 30 நிமிடங்களை எட்டலாம். காலை வெளிச்சம் உடலின் தூக்க நேரத்தைச் சீராக்குகிறது.

அன்றாட வேலை: நாளொன்றுக்குச் செய்து முடிக்க வேண்டியவை என இரண்டு அல்லது மூன்று வேலைகளை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளவும். உடலில் தெம்புள்ள வேளையில் கடினமானதை முதலில் முடிக்கவும். தெம்பு கூடிய நாளில் அனைத்தையும் ஒரே மூச்சில் செய்து முடிக்க முற்பட்டால், அடுத்த இரண்டு நாட்கள் படுக்கையில் கழிய நேரலாம். தூக்கம் குறைந்த நாட்களில் வாகனம் ஓட்டுவதையும், இயந்திரங்களில் பணிபுரிவதையும், உயரமான இடங்களில் வேலை செய்வதையும் தவிர்க்கவும்.

விருப்பம் மேலிடும்போது: கஞ்சாவின் மீதான கடும் விருப்பம் அலைபோல எழுந்து, பெரும்பாலும் அரைமணி நேரத்திற்குள் தணிந்துவிடும். அந்நேரத்தில் இடத்தை மாற்றவும், குளிக்கவும், நம்பிக்கைக்குரிய ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கவும். எஞ்சிய கஞ்சாவையும் புகைப்பதற்கான பொருள்களையும் வீட்டில் வைத்திராதீர்கள். சேர்ந்து பயன்படுத்திய நண்பர்களையும், கூடிய இடங்களையும் முதல் சில மாதங்களுக்கேனும் தவிர்க்கவும்.

செய்யக் கூடாதவை

தூக்க மாத்திரைகளையோ வலி நிவாரண மாத்திரைகளையோ மருத்துவரின் பரிந்துரையின்றி வாங்கி உட்கொள்ள வேண்டாம். தூக்கத்திற்காக மது அருந்துவதும் தவறு. இவை ஒரு பழக்கத்தின் இடத்தில் மற்றொரு பழக்கத்தை வைப்பதாகவே முடியும்.

கஞ்சாவை மட்டும் பயன்படுத்தியவர் திடீரென நிறுத்துவது பொதுவாக உயிருக்கு ஆபத்தானதன்று. ஆனால் நாள்தோறும் மது அருந்துபவரோ, தூக்க மாத்திரைகளை நெடுநாள் உட்கொண்டவரோ அவற்றைத் தாமாகத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் குழப்ப நிலையும் ஏற்படலாம். அத்தகையோர் மருத்துவரின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும்.

மனநோய்க்குக் குளோசபின், மூச்சிரைப்புக்குத் தியோபிலின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்கள், புகைப்பதை நிறுத்தும் முன் மருத்துவரிடம் தெரிவிக்கவும். புகை நின்றதும் இரத்தத்தில் இம்மருந்துகளின் அளவு உயரலாம். கருவுற்ற பெண்கள் அச்சத்தாலோ தயக்கத்தாலோ மறைக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் கூறி உதவி பெறவும்.

மருத்துவச் சிகிச்சை

கஞ்சா விலகலுக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து இல்லை. எனினும், தூக்கமின்மை, குமட்டல், பதற்றம் போன்றவற்றுக்கு மருத்துவர் குறுகிய காலத்திற்கு மருந்து தரலாம். மனநல ஆலோசனை இச்சிகிச்சையின் முதன்மையான பகுதியாகும். மீண்டும் பயன்படுத்தத் தூண்டும் சூழல்களை அறிந்துகொள்ளவும், அவற்றை எதிர்கொள்ளும் வழிகளைப் பழகவும் ஆலோசனை உதவுகிறது.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

நிறுத்திய முதல் மாதத்தில் நோயாளி பகலில் படுத்திருப்பதும், சிறு சொல்லுக்கும் சினம் கொள்வதும், உணவை ஒதுக்குவதும் வீட்டில் மனக்கசப்பை உண்டாக்கும். "சோம்பேறி" என்ற சொல்லும், "மறுபடியும் அடித்தாயா?" என்ற கேள்வியும், நிறுத்த முயல்பவரைத் தனிமைக்குள் தள்ளும். "இன்று உடம்பு எப்படி இருக்கிறது? கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா?" என்று கேட்பது பயன் தரும்.

• சினம் மிகுந்த நேரத்தில் வாதிட வேண்டாம். தணிந்த பின் பேசவும்.
• திருமணம், கடன், வேலை போன்ற பெரிய முடிவுகளைப் பற்றிய பேச்சை முதல் மாதத்தில் இயன்றவரை தள்ளி வைக்கவும்.
• வன்முறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் பாதுகாப்பும் குழந்தைகளின் பாதுகாப்பும் முதன்மையானவை.
• வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, அதன் முடிவை மட்டும் கொண்டு குற்றஞ்சாட்ட வேண்டாம். டி.எச்.சி. உடற்கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறுவதால், நெடுங்காலம் பயன்படுத்தியவருக்கு நிறுத்திய பின்னும் பல வாரங்கள் பரிசோதனை நேர்மறையாக வரலாம்.
• நீங்களும் உறங்கவும், உண்ணவும், தேவைப்பட்டால் ஆலோசகரிடம் பேசவும் நேரம் ஒதுக்குங்கள்.

மீண்டும் ஒருமுறை பயன்படுத்திவிட்டால்

ஒருமுறை தவறியதால் அதுவரை பெற்ற பயன் அனைத்தும் வீணாகிவிடாது. எந்தச் சூழலில் அது நிகழ்ந்தது எனக் குறித்துக்கொண்டு, அன்றே மீண்டும் நிறுத்தவும். சில வாரங்கள் விலகியிருந்த உடலுக்குப் பழைய தாங்குதிறன் இராது. ஆகவே முன்பு பயன்படுத்திய அதே அளவு இப்போது கடும் அச்சத்தையும் படபடப்பையும் உண்டாக்கலாம்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

• சோர்வு 4 வாரங்களுக்கு மேல் நீடித்தால். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு, மனச்சோர்வு நோய் ஆகியவையும் காரணமாக இருக்கலாம்.
• இருமல், மாலை நேரக் காய்ச்சல், எடைக் குறைவு ஆகியவை சோர்வுடன் சேர்ந்து 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால். காசநோய்ப் பரிசோதனை அவசியம்.
• இடைவிடாத வாந்தி இருந்தால்.
• 2 வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமின்றி, நம்பிக்கையிழந்த நிலை இருந்தால்.

உடனடி உதவி தேவைப்படும் நிலைகள்: தற்கொலை எண்ணம், தன்னையோ பிறரையோ காயப்படுத்த முயலுதல், மாயக்குரல் கேட்டல், காரணமற்ற கடும் சந்தேகம், வலிப்பு, நெஞ்சு வலி, மயக்கம். இவற்றில் ஏதேனும் காணப்பட்டால் 108 அவசர ஊர்தியை அழைக்கவும். நோயாளியைத் தனியே விடாதீர்கள்.

உதவி பெறும் இடங்கள்

• டெலி மானஸ் மனநல உதவி எண் 14416: நாள்தோறும் 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம்.
• தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446: இலவசம்.
• தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண்.
• அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம்.

சிகிச்சைக்கு வந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்கப்படுமோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியின் சிகிச்சைத் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை வழங்குகிறது. மேலும், போதைப் பயன்பாட்டுக்காகவோ சிறு அளவு போதைப்பொருள் தொடர்பாகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைநிலை நோயாளி, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிறுவனத்திலோ தாமாக முன்வந்து சிகிச்சை பெற்று அதனை நிறைவு செய்தால், போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985இன் 64அ பிரிவு அவருக்கு வழக்கு நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது.

நினைவில் கொள்க

கஞ்சாவை நிறுத்திய பின் வரும் சோர்வுக்குத் தொடக்கமும் உச்சமும் முடிவும் உண்டு. முதல் வாரமே பெரும்பாலோருக்கு மிகக் கடினமானது. அதனைத் தனியே கடக்க வேண்டியதில்லை. நிறுத்தும் நாளை மருத்துவரிடமும், வீட்டில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமும் முன்கூட்டியே தெரிவித்து, அவர்களின் துணையுடன் தொடங்கவும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.