‘நியமிக்கலாம்’ என்னும் சொல்: பள்ளிச் சிறுவரைச் சாலை கடத்தும் பணி பற்றி ஓர் ஆராய்ச்சி

இங்கிலாந்தில் பாத் நகரத்தில் 1937-ஆம் ஆண்டு மேரி ஹன்ட் என்னும் பெண்மணி பள்ளிச் சிறுவரைச் சாலை கடத்திவிடும் பணியை ஏற்று நின்றதிலிருந்து இப்பணியின் சரித்திரத்தைத் தொடங்குவது வழக்கம். ஆயினும், இத்தகையோர் கைகாட்டினால் வண்டி நின்றே ஆகவேண்டும் என்று விதிக்கும் தனிச் சட்டம் அந்நாளில் இருக்கவில்லையாதலின், நின்றவர்கள் பெரும்பாலும் தாட்சணியத்தால் நின்றவர்களே. அத்தாட்சணியத்தைக் கடமையாக்கியது, 1953-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் நிறைவேற்றி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த பள்ளிச் சாலைக் காவலர் சட்டமாகும்.

காவலரின் கையிலுள்ள நீண்ட கோலையும் அதன் நுனியிலுள்ள வட்டப் பலகையையும் கண்ட குழந்தைகள் அவரைக் குச்சிமிட்டாய்ப் பெண்மணி என்று அழைக்கலாயினர். அப்பெயரே நாடெங்கும் நிலைத்துவிட்டது. அவர் செய்வதைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். சிறுவர் நடைபாதை ஓரத்திலேயே காத்திருக்க, அவர் மட்டும் முதலில் இறங்கிச் சாலையின் நடுவுக்குச் சென்று, கோலை ஊன்றி, மற்றொரு கையை நீட்டி நிற்கிறார். இருபுறமும் வண்டிகள் நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே குழந்தைகளை அழைக்கிறார். சாரதியோ, குழந்தை கடந்துபோகும்வரை மட்டுமன்று, பலகை தம் பக்கம் காட்டப்பட்டிருக்கும்வரை அசையாமல் நிற்கக் கடமைப்பட்டவர். அபாயத்தின் எதிரே முதலில் சென்று நிற்பது பெரியவரின் உடல், பின்னரே குழந்தையின் உடல் என்னும் இந்த முறைவைப்பில்தான் இப்பணியின் தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. பிறர் கைபிடித்துக் கடத்திவிடுவதனால் குழந்தை தானாகக் கடக்கக் கற்பதில்லை. ஆகவே போதனையே மேலான பரிகாரம் என்பர் சிலர். போதனை வேண்டுவதே, ஆனால், அதன் எல்லையை ஸ்வீடன் தேசத்து உளவியலறிஞர் ஸ்டினா சாண்டெல்ஸ் 1960-களில் தம் சோதனைகளால் புலப்படுத்திவிட்டார். சிறு குழந்தைக்கு ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்பது எளிதில் துணியப்படுவதில்லை. இடம் வலம் மயங்குகிறது. விளையாட்டில் மனம் ஒன்றிய கணத்திலே மனனம் செய்த விதிகள் மறைந்துவிடுகின்றன. குழந்தையைப் போக்குவரத்துக்கு ஏற்ப மாற்றுதல் இயலாது, போக்குவரத்தையே குழந்தைக்கு ஏற்ப மாற்றுதல் வேண்டும் என்னும் முடிவுக்கே அவர் வந்தார். ஓரத்தில் நிறுத்திய இரு கார்களின் இடையே ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து நிற்கிறாள் என்று கொள்வோம். அவள் கண்மட்டத்துக்குக் காரின் பக்கத் தகடே தெரிகிறது, சாலை தெரிவதில்லை. மணிக்கு 30 மைல் வேகத்தில் வரும் வண்டி, பிரிட்டனின் சாலை விதி நூல் கூறும் கணக்கின்படி, நிற்பதற்கு 23 மீட்டர் ஆகும். 20 மைல் வேகமாயின் 12 மீட்டர் போதும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 11 மீட்டரில் அவள் எங்கே நிற்கிறாள் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. அவள் பாடத்தை எவ்வளவு நன்றாக ஒப்பித்தாள் என்பதன்று.

இனி, சட்டத்தின் குறை. காவலரை மதித்து நிற்குமாறு சாரதிக்குக் கட்டளையிட்ட அதே சட்டம், காவலரை நியமிக்குமாறு உள்ளூர் ஆட்சிக்குக் கட்டளையிடவில்லை. ‘நியமிக்கலாம்’ என்றதோடு நின்றது. பிற்காலத்துத் திருத்தங்கள் சில நன்மை செய்தன. காலை 8 மணிமுதல் மாலை 5.30 வரை என்றிருந்த கால வரையறையை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியதோடு, பெரியவர்களையும் கடத்திவிட இடம் தந்தது. ஆனால் ‘நியமிக்கலாம்’ அப்படியே இருக்கிறது. வரவு செலவு நெருக்கடி வந்தபோது பல உள்ளூர் மன்றங்கள் இச்செலவிலே கைவைத்ததற்கும், முதிய காவலர் ஒருவர் ஓய்வு பெற்றதும் அவ்விடம் நிரப்பப்படாமற் போவதற்கும் இச்சொல்லே வாயில் திறந்துவிடுகிறது. நியமிப்பது ‘வேண்டும்’ என்று விதிக்கப்படுதல் அவசியம் என்று நான் வாதிடுவது இதனாலேதான். கோலைக் கண்டும் நில்லாத சாரதிக்கு 1,000 பவுன்வரை அபராதம் உண்டு. கோல் ஏந்துவோரே இல்லாத அதே இடத்தில், அதே நேரத்தில், அதே சிறுவர் ஓரத்தில் நிற்க அவர் நில்லாது சென்றால், காவலர் சட்டப்படி அவர் எக்குற்றமும் செய்தவரல்லர். அவ்விடத்தை வெறுமையாக விட்ட மன்றமும் அப்படியே.