நியூ டீல்: காசோலை யார் பெயருக்கு வந்தது?

1930-களின் பெருமந்தத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் ரெண்டு கட்சிக்காரர்கள் வழி மறிப்பார்கள். ரூஸ்வெல்ட் வந்தார், நியூ டீல் கொண்டுவந்தார், ஏழைகள் பிழைத்தார்கள் என்பார் ஒருவர். அதெல்லாம் ஒண்ணுமில்லை, அமெரிக்காவைக் காப்பாற்றியது இரண்டாம் உலகப்போர்தான் என்பார் இன்னொருவர். ரெண்டு பேரும் கையில் வைத்திருப்பது அதே வேலையின்மைப் புள்ளிவிவரம். நானும் அந்த எண்ணைச் சரியாகப் பிடித்துவிட்டால் பதில் கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

அந்த எண்ணிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய பாடநூல்கள் எல்லாம் ஸ்டான்லி லெபர்காட் என்பவரின் கணக்கைப் பயன்படுத்தின. அதன்படி 1933-ல் வேலையின்மை 24.9 சதவீதம், 1936-ல் 16.9 சதவீதம். மூணு வருஷம் பணத்தைக் கொட்டியும் ஆறில் ஒருவருக்கு வேலை இல்லை என்றால் திட்டம் தோல்விதானே? 1976-ல் மைக்கேல் டார்பி என்ற பொருளியலாளர் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். அரசின் நிவாரண வேலைத் திட்டங்களில் ரோடு போட்டவர்கள், பள்ளிக்கூடம் கட்டியவர்கள் எல்லாரும் லெபர்காட்டின் கணக்கில் வேலையில்லாதவர்களாகவே எண்ணப்பட்டிருந்தார்கள்! அவர்களை வேலையில் இருப்பவர்களாக எடுத்துக்கொண்டால் 1936-ன் எண் 9.9 சதவீதமாக இறங்கிவிடும்.

நிவாரண வேலை நிஜமான வேலையா இல்லையா என்று பொருளியலாளர்கள் சண்டை போடட்டும். டபிள்யூ.பி.ஏ. எனப்பட்ட பொதுப்பணித் திட்டம் 1935 முதல் 1943 வரை சுமார் 85 லட்சம் பேருக்கு ஏதோ ஒரு சமயத்தில் கூலி கொடுத்தது. சி.சி.சி. முகாம்களில் மரம் நட்ட இளைஞனுக்கு மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிடும். அந்த 25 டாலரில் அடுப்பு எரிந்த வீட்டுக்குப் போய், உங்க பையன் கணக்குப்படி வேலையில்லாதவன்னு சொன்னால் அந்த அம்மா என்ன சொல்லியிருப்பார்?

இதுவரை நான் முதல் கட்சிக்காரர் பக்கம்தான் இருந்தேன். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காட்டுக்குள் போன பிறகுதான் தடுமாற்றம்.

1932-ல் பருத்தி விலை பவுண்டுக்கு ஆறு சென்ட் அளவுக்கு விழுந்து கிடந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்பது வேளாண் சீரமைப்புச் சட்டத்தின் (ஏ.ஏ.ஏ.) தர்க்கம். சட்டம் வந்தது 1933 மே மாதம். அதற்குள் பருத்தி முளைத்து நின்றுவிட்டது. அதனால் சுமார் 1 கோடி ஏக்கரில் வளர்ந்து நின்ற பயிரை உழுது அழிக்கச் சொன்னார்கள், அழித்தவருக்குப் பணம். செடியை மிதிக்காமல் சாலுக்கு நடுவே நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள், செடிமேலேயே ஏர் ஓட்டச் சொன்னதும் முரண்டு பிடித்தன என்று ஒரு கதை உண்டு. பாதி கேலி, பாதி வயிற்றெரிச்சல். நாட்டில் பாதிப் பேர் கிழிந்த துணி கட்டிக்கொண்டிருந்த வருஷம் அது.

திட்டம் சொன்னதைச் செய்தது. அந்த வருஷமே விலை பத்து சென்ட் பக்கம் ஏறியது. ஆனால் அந்த நிலத்தை உழுதவர்களில் பெரும்பகுதியினருக்கு நிலமே சொந்தமில்லை. நம்ம ஊர் வாரச் சாகுபடி மாதிரிதான். நிலம், கழுதை, விதை எல்லாம் நில உடைமையாளருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைந்ததில் பாதிப் பாதி. மாவும் பன்றிக்கொழுப்பும் பண்ணைக் கடையில் கடனுக்கு. வருஷக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது குடியானவருடைய பாதி பெரும்பாலும் அந்தக் கடனுக்கே சரியாகிவிடும்.

அரசின் காசோலை நில உடைமையாளர் பெயருக்கு வந்தது. 1934-35 பருத்தி ஒப்பந்தத்தில், பயிரிடாமல் விட்ட நிலத்துக்கு, விளைந்திருக்கக்கூடிய ஒவ்வொரு பவுண்டுக்கும் நாலரை சென்ட். அதில் நாலு சென்ட் உடைமையாளருக்கு, அரை சென்ட் வாரக் குடியானவருக்கு. அந்த அரை சென்ட்டும் உடைமையாளர் கை வழியாகத்தான் போகவேண்டும். அவர் அதைப் பழைய கடனில் கழித்துக்கொண்டால் தட்டிக்கேட்க யார்? திட்டத்தை மேற்பார்த்த உள்ளூர்க் குழுவிலும் பெரும்பாலும் அவரும் அவர் கூட்டாளிகளும்தான். அதைவிடப் பெரிய சிக்கல், நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தரிசாகப் போட்டால் அதற்கேற்ப ஆளும் தேவையில்லை என்பது.

ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு, இயன்றவரை அதே எண்ணிக்கையில் குடியானவர்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. எண்ணிக்கைதானா, அதே ஆட்களா? சங்கத்தில் சேர்ந்தவனை விரட்டிவிட்டுப் புது ஆளைக் குடியேற்றலாமா? இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. 1934 ஜூலையில் அர்கன்சாவின் டைரான்சாவில் 11 வெள்ளையர்களும் 7 கறுப்பர்களும் சேர்ந்து தென்மாநிலக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சங்கத்தில், அதுவும் அந்தக் காலத்து அர்கன்சாவில்! வெளியேற்றங்கள் தொடங்கின. ஏ.ஏ.ஏ.-வின் சட்டப் பிரிவில் இருந்த இளம் வழக்கறிஞர்கள், அதே ஆட்களைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கம் எழுதினார்கள். 1935 பிப்ரவரியில் நிர்வாகி செஸ்டர் டேவிஸ், சட்டப் பிரிவின் தலைவர் ஜெரோம் ஃபிராங்கையும் வேறு சிலரையும் வேலையை விட்டே தூக்கினார். ரூஸ்வெல்ட் தலையிடவில்லை. அவருடைய மற்ற சட்டங்கள் நிறைவேற வேண்டுமானால், காங்கிரஸ் குழுக்களின் தலைமையில் உட்கார்ந்திருந்த தெற்கத்திய உறுப்பினர்களின் தயவு தேவை.

இந்த இடத்தில்தான் அந்த நாட்டு சராசரி எண்ணின்மேல் எனக்கு நம்பிக்கை போனது. விவசாய வருமானம் ஏறியது உண்மை. அந்த ஏற்றத்துக்குள்ளேயே ஒருத்தர் டிராக்டர் வாங்குகிறார், இன்னொருத்தர் பாயைச் சுருட்டிக்கொண்டு ரோட்டுக்கு வருகிறார்.

பிரைஸ் ஃபிஷ்பேக்கும் அவருடைய சகாக்களும், அங்கே மாவட்டம் மாதிரி இருக்கும் கவுண்டி வாரியாக இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நிவாரணத்துக்கும் பொதுப்பணிக்கும் பணம் அதிகம் போன இடங்களில் கடை வியாபாரம் கூடியிருக்கிறது. நிவாரணச் செலவு கூடிய நகரங்களில் குழந்தை இறப்பு குறைந்திருக்கிறது. ஏ.ஏ.ஏ. பணம் போன இடங்களில் மட்டும் உள்ளூர் வியாபாரத்துக்குப் பெரிதாக நன்மை தெரியவில்லை. அரசாங்கமும் ஒன்று, வருஷங்களும் ஒன்று. கூலியாகப் போன டாலர் மளிகைக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. தரிசுக்குப் போன டாலர் அப்படிப் போகவில்லை.

ஆக, கூலி வழி நல்லது, உடைமையாளர் வழி கெட்டது என்று எழுதி முடித்திருப்பேன். அதுவும் அவ்வளவு சுத்தமாக இல்லை. பருத்தி எடுப்புக் காலம் வந்தால் தெற்கில் பல இடங்களில் டபிள்யூ.பி.ஏ. வேலையை நிறுத்தி ஆட்களைக் காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிவாரணக் கூலி, காட்டுக் கூலியை ஏற்றிவிடக்கூடாதாம். 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் முதியோர் காப்பீட்டில் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டுவேலை செய்வோருக்கும் இடமில்லை. கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் செய்தது இந்த ரெண்டு வேலையும்தான்.

சரி, விதியைத் திருத்தினால்? திருத்தினார்கள். குடியானவருக்குச் சேரவேண்டிய பங்கு பிறகு கூட்டப்பட்டது, பயிரைப் போலவே காசோலையையும் பங்கிட வேண்டும் என்றானது. காகிதத்தில் நியாயம்தான். மிசூரியின் தென்கிழக்கு மூலையில் பூட்ஹீல் என்றொரு பருத்திப் பகுதி. அங்கே உடைமையாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வாரக் குடியானவருக்குத்தான் பங்கு, தினக்கூலிக்குப் பங்கு கிடையாது. அப்படியென்றால் வாரக் குடியானவரே இல்லாமல் செய்துவிட்டால் போச்சு. வீட்டைக் காலி பண்ணு, வேணும்னா தினக்கூலிக்கு வா!

1939 ஜனவரியில், ஓவன் விட்ஃபீல்ட் என்ற கறுப்பினப் போதகரின் முன்முயற்சியில், வெளியேற்றப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 60, 61-ஆம் எண் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பர்கள், கொஞ்சம் வெள்ளையர்கள். இரும்புக் கட்டில், தகர அடுப்பு, கோழிக்கூண்டு, பனியில் நனைந்த மெத்தை. போகிற வருகிற கார்க்காரர்கள் பார்க்கட்டும் என்பதுதான் நோக்கம். சில நாளில் போலீஸ் வந்து அப்புறப்படுத்தி, சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குக் கொண்டுபோய்விட்டது.

அதைப் படமெடுத்தவர் ஆர்தர் ராத்ஸ்டைன். அவருக்குச் சம்பளம் கொடுத்தது பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம், அதுவும் ஒரு நியூ டீல் அலுவலகம்தான். பிற்பாடு அந்தப் பகுதியில் கூலிக் குடும்பங்களுக்காகச் சின்னச் சின்ன வீடுகள் கொண்ட குடியிருப்புகளைக் கட்டியதும் அதே நிர்வாகம். காசோலை அனுப்பிய ஏ.ஏ.ஏ.-வும் இந்த நிர்வாகமும் வாஷிங்டனில் இருந்தது ஒரே விவசாயத் துறையின் கீழ்.