மெருகும் காவலும்

காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ தனவணிகராகிய நகரத்தாரின் பழைய வீடொன்றின் முகப்பைக் கடந்து வளவு எனும் உள்முற்றத்துக்குள் காலெடுத்து வைக்கிறவர், எதிரே உள்ள சுவரில் தம் நிழலே மங்கலாய் அசைவதைக் கண்டு, இது சலவைக்கல்லோ என ஐயுற்று, விரலால் தடவிப் பார்த்த பின்னரே அது சுண்ணாம்புப் பூச்சு என்று தெளிவது வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1940-கள் வரை, கடல் கடந்து ஈட்டிய பொருளைக் கொண்டு இவ்வீடுகளை எழுப்பியவர்கள், பர்மாத் தேக்கிலும் அயல்நாட்டுக் கண்ணாடியிலும் காட்டிய தாராளத்துக்குச் சற்றும் குறையாத சிரத்தையை இந்தச் சுண்ணாம்பிலும் காட்டினார்கள்.

சுண்ணாம்பை நீற்றிச் சலித்து, நாள்கணக்கில் ஊறவைத்து, வெண்ணெய் போல் அரைத்து, முதலில் பருமனாகவும் பின்னர் மென்மையாகவும் படலத்தின்மேல் படலமாக ஏற்றி, கடைசிப் படலத்தில் முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்து, ஈரம் உலர்வதற்குள் கரணையாலும் வழவழப்பான கல்லாலும் கொத்தனார் தேய்த்துக்கொண்டே இருப்பார். காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொண்டு சுண்ணாம்பு மெல்ல மெல்லக் கல்லாகத் திரும்பும். அந்த மெருகு வெறும் அலங்காரத்துக்கு உண்டானதன்று. வழுக்கும் பரப்பில் செம்மண் புழுதி ஒட்டாது, தண்ணீர் ஊறாது, ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் செலவும் இல்லை. காவலாக ஏற்பட்டதே இங்கே சௌந்தரியமாகவும் விளங்கிற்று.

காலடியிலுள்ள ஆத்தங்குடிக் கல்லின் இயல்பு வேறு. கண்ணாடிப் பலகையின்மேல் வர்ணக் கலவையை வார்த்து, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் இந்தக் கல், சூளையையே காணாதது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க, மனிதர் நடக்க நடக்க, அதற்குப் பளபளப்பு ஏறும். ஆகவே 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதை அடுத்துத் தனவணிகர் செல்வம் சரிந்து, குடும்பங்கள் சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் பெயர்ந்து, வீடுகள் பூட்டப்பட்டபோது, சுவரின் ஒளி நிலைத்து நிற்க, தரையின் ஒளியே முதலில் மங்கிற்று.

மூன்றாவது வகை மெருகு சக்கரத்தின்மேல் ஏறி வந்தது. தொடக்ககால மோட்டார் வண்டிகளுக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷ் உலர வாரக்கணக்கில் ஆகும். 1920-களில் அமெரிக்காவின் டுபாண்ட் கம்பெனி கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் வர்ணம் அந்தத் தாமதத்தைப் போக்கிற்று; ஆனால் வெயிலில் அது வெளிறும் குணமுடையதாகையால், தேய்த்துத் தேய்த்துக் காக்கும் கடமையும் உடன் வந்தது. பிரேசில் நாட்டுப் பனையொன்றின் ஓலையில் படியும் கார்னோபா மெழுகு அதற்கு உதவிற்று. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ஆங்கிலேயக் கம்பெனியுடன் கூடித் தொடங்கிய என்பீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைச் செய்யத் தொடங்கியபின், அவற்றின் பெட்ரோல் டாங்கியில் தூரிகையால் இழுக்கப்பட்ட பொன்னிறக் கோடுகளைத் துணியால் துடைத்துக் காப்பதும் இந்த நாட்டு வழக்கங்களுள் ஒன்றாகிவிட்டது.

உலோகத்தைக் காக்கும் வித்தையைச் சாஸ்திரமாகவே ஆராயும் நிலையம் காரைக்குடியில் அமைந்தது விசேஷம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்ததன் பயனாக, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், துருவைத் தன் முக்கிய ஆராய்ச்சிப் பொருள்களுள் ஒன்றாகக் கொண்டது. உப்புக்காற்று ஓயாத மண்டபம் கடற்கரையில் உலோகங்களையும் பூச்சுகளையும் வெளியில் வைத்துச் சோதிப்பதும் அதன் பணியே.

அந்தச் சாஸ்திரம் வீட்டு வாசலுக்கு வரும்போது மிக எளிது. வண்டியை நிழலில் நிறுத்தி, செம்மண் தூசியை முதலில் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். உலர்ந்த தூசியோடு துடைத்தால் ஒவ்வொரு மணல் துகளும் ஓர் உளியாகும். அரத்தன்மையுள்ள பாலிஷ் வர்ணத்தையே சிறிது அரித்துப் பளபளப்பைத் தருவதாகையால் அதை எப்போதாவதுதான் தொடலாம். மெழுகோ மேலே படலமாக நின்று, வெயிலையும் மழையையும் தான் ஏற்றுத் தேய்ந்துபோகும். எண்ணெய் தடவுவது அன்றைக்கு மினுக்கும். மறுநாள் புழுதியை வரவேற்கும்.

சுவரின் மெருகு, கொத்தனார் ஒருமுறை பட்ட பிரயாசையால் தலைமுறைகளுக்கு நிற்கிறது. தரையின் மெருகு, நடக்கும் கால்களை வேண்டுகிறது. வண்டியின் மெருகோ, சில மாதங்களுக்கொருமுறை உடையவன் கையையே வேண்டுகிறது. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இடுமுன் டாங்கியைத் துடைத்து மெழுகிடுகிறவன், அறிந்தோ அறியாமலோ, தன் பாட்டன் வீட்டுச் சுவரில் கல்லைத் தேய்த்த கொத்தனாரின் தொழிலையே சிறிது நேரம் தொடர்கிறான். அவர் செய்தது போல் ஒரே முறையில் அதை முடித்துவிட மட்டும் அவனால் ஆவதில்லை.