எட்டாவது ஊர்

இங்கிலாந்தில் ‘பென்னைன் வே’ என்று ஒரு நடைபாதை. மலையும் புல்வெளியுமாக 268 மைல்! 1965-ல் திறந்துவைத்தார்கள். வழிநெடுக வழிகாட்டிக் கம்பங்கள் உண்டு. நம்மிடமும் வயல்களுக்கு நடுவே ஒரு நடைவழி இருக்கிறது. தூரத்தில் அதற்குப் பக்கத்தில்கூட வராது. வயதில் ரொம்பப் பெரியது. கம்பமே தேவையில்லை, ஊர்ப் பெயர்களே வழி சொல்லிவிடும்.

திருமானூருக்குக் கொஞ்சம் மேற்கே, கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி. பங்குனி புனர்பூசத்தன்று அங்கே நந்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வளர்ந்தது ஆற்றுக்குத் தெற்கே, திருவையாறில். ஐயாறப்பரே அப்பா ஸ்தானத்தில் நின்று அவரை அழைத்துவருகிறார். பொண்ணு, வியாக்ரபாத முனிவரின் மகள் சுயசாம்பிகை. ‘நந்தி கல்யாணம் பார்த்தால் முந்தி கல்யாணம்’ என்பார்கள். அதனால், வரன் தேடுகிறவர்கள் கூட்டம் அலைமோதும்!

கல்யாணம் என்றால் சாமான்செட்டு வேண்டாமா? சுற்றுவட்டார ஊர்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டன என்கிறது புராணம். பழம், திருப்பழனம். சாப்பாடு, திருச்சோற்றுத்துறை. வேதம் ஓத ஆட்கள், திருவேதிக்குடி. நகைநட்டு, திருக்கண்டியூர். பூ, திருப்பூந்துருத்தி. ஹோமத்துக்கு நெய், திருநெய்த்தானம். அதுதான் இன்றைய தில்லைஸ்தானம்.

வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? சித்திரையில் புதுமணத் தம்பதியோடு நன்றி சொல்லக் கிளம்பிவிடுகிறார் ஐயாறப்பர். இதுதான் ஏழூர்ப் பல்லக்கு. ஒவ்வோர் ஊர் சாமியும் எதிர்கொண்டு வரவேற்று, தானும் பல்லக்கில் சேர்ந்துகொள்ளும். மறுநாள் ஏழு பல்லக்குகளும் திருவையாறில் கூட, பொம்மை ஒன்று பூப்போட்டு வரவேற்கும்.

மாதத்தைக் கவனியுங்கள். போகும்போதும் வரும்போதும் காவிரி, குடமுருட்டி இரண்டையும் தாண்ட வேண்டும். சித்திரையில் அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும். ஆற்றில் மணல்தான். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பதோ ஜூன் 12-ல். பல்லக்கு தூக்க இதைவிடத் தோதான சமயம் ஏது?

புராணத்துக்குத் தேதி கிடையாது, ஊர்களுக்கு உண்டு. ஏழாம் நூற்றாண்டிலேயே அப்பர் இந்த ஏழோடு மழபாடியையும் பாடிவிட்டார். மழபாடிக் கோயிலைப் பிரித்துக் கட்டச் சொன்ன ராஜராஜ சோழன், பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் எழுதிவைக்க உத்தரவிட்டான். மகன் ராஜேந்திரன் காலத்தில் அவை புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. யாரோ கொடுத்த தானம் மறந்துபோய்விடக் கூடாதே என்ற கவலை!

ஏழூர் நடையிலும் அதே கவலைதான். யார் என்ன கொடுத்தார்கள் என்று வருஷத்துக்கு ஒருமுறை காலால் நடந்து ஞாபகப்படுத்திக்கொள்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படிக்கக்கூடிய கல்வெட்டு இது.

ஒரே ஒரு மனத்தாங்கல். ஏழு என்ற கணக்கில் பொண்ணு வீடு சேரவில்லை. கொள்ளிடம் இன்றைக்கு மாவட்ட எல்லை வேறு. தெற்கே தஞ்சாவூர், வடக்கே, 2007-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர். சம்பந்தம் செய்துகொண்ட ஊர்களுக்கு நடுவே இப்படி ஒரு கோடு!

அடுத்த தடவை ஏழூர் சுற்றப் போகிறீர்களா? திருமானூர்ப் பாலம் தாண்டி, அந்த எட்டாவது ஊருக்கும் ஒரு எட்டு போய்விட்டு வாருங்கள்.