மேற்கு லோதியன் கேள்வி

மேற்கு லோதியன் கேள்வி என்பது ஐக்கிய இராச்சியத்தின் நான்கு பகுதிகளான இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு இடையே உள்ள அதிகாரச் சமமின்மையைச் சுட்டும் அரசியல் வினா ஆகும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சட்டமன்றங்கள் உள்ளன. மக்கள்தொகையில் ஏறத்தாழ 84 விழுக்காட்டைக் கொண்ட இங்கிலாந்துக்கு அத்தகைய அவை இல்லை. அதற்கான சட்டங்களை இலண்டனிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றமே இயற்றுகிறது. எனவே இங்கிலாந்தின் பள்ளிகள், மருத்துவமனைகள் குறித்த சட்டங்களில் ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் வாக்களிக்கலாம். ஸ்காட்லாந்தின் பள்ளிகள், மருத்துவமனைகள் குறித்து இங்கிலாந்து உறுப்பினர்கள் வாக்களிக்க இயலாது. இது நியாயமா என்பதே கேள்வி.

இவ்வினா பெரும்பாலும் வாக்குரிமை பற்றியதாகவே பேசப்படுகிறது. எனினும் நான்கு பகுதிகளுக்கும் நிதி பகிரப்படும் முறையையும் சேர்த்து நோக்கினால் மட்டுமே இதன் சிக்கல் முழுமையாக விளங்கும்.

பெயர்க் காரணம்

1977 ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று, ஸ்காட்லாந்துக்குத் தனி அவை அமைப்பது பற்றிய விவாதத்தில் தொழிற் கட்சி உறுப்பினர் டாம் டால்யெல் இவ்வினாவை எழுப்பினார். அவர் ஸ்காட்லாந்தின் மேற்கு லோதியன் தொகுதியைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் லங்காஷயரில் பிளாக்பர்ன் என்ற நகரமும், மேற்கு லோதியனில் அதே பெயருடைய ஓர் ஊரும் உள்ளன. அதிகாரப் பகிர்வு நடைமுறைக்கு வந்தால், தம்மால் முன்னதன் விவகாரங்களில் வாக்களிக்க முடியும், தம் சொந்தத் தொகுதியிலுள்ள பின்னதன் விவகாரங்களில் வாக்களிக்க முடியாது என அவர் எடுத்துக்காட்டினார். விவாதத்தில் பங்கேற்ற ஈனாக் பவல் இதற்கு 'மேற்கு லோதியன் கேள்வி' எனப் பெயரிட்டார். அப்பெயரே நிலைத்துவிட்டது.

முன்வரலாறு

பெயர் புதியதாயினும் சிக்கல் பழையது. அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கப் பிரதமர் கிளாட்ஸ்டன் 1886 இல் கொண்டுவந்த சட்டமூலம், அயர்லாந்து உறுப்பினர்களை வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து நீக்கிவிட முனைந்தது. அவ்வாறாயின் பிரதிநிதித்துவம் இன்றி அவர்கள் வரி செலுத்த நேரிடும் என்ற எதிர்ப்பு எழுந்தது. 1893 இல் கொண்டுவரப்பட்ட இரண்டாவது சட்டமூலம், அவர்கள் பேரரசுக்குப் பொதுவான விவகாரங்களில் மட்டும் வாக்களிக்கலாம் என முதலில் வகுத்தது. எது பொது, எது தனி என்று பிரிக்க இயலாமையால் அவ்விதியும் கைவிடப்பட்டது. இரு சட்டமூலங்களும் தோல்வியடைந்தன.

1921 முதல் 1972 வரை வட அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இருந்தது. அக்காலத்தில் அதன் வெஸ்ட்மின்ஸ்டர் உறுப்பினர்கள் எல்லா விவகாரங்களிலும் வாக்களித்தனர். ஆனால் மக்கள்தொகைக்கு உரியதைவிடக் குறைவான இடங்களே அவர்களுக்கு வழங்கப்பட்டிருந்தன. தனி நாடாளுமன்றம் நீக்கப்பட்ட பின்னர், 1983 தேர்தலில் அவ்விடங்கள் 12 இலிருந்து 17 ஆக உயர்த்தப்பட்டன.

அதிகாரப் பகிர்வு

1979 மார்ச் 1 இல் ஸ்காட்லாந்தில் நடந்த பொது வாக்கெடுப்பில் 51.6 விழுக்காட்டினர் தனி அவையை ஆதரித்தனர். ஆயினும் மொத்த வாக்காளர்களில் 40 விழுக்காட்டினரின் ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறவில்லை. அதே நாளில் வேல்ஸ் மக்கள் பெரும்பான்மையாக மறுத்துவிட்டனர்.

1997 செப்டம்பரில் மீண்டும் வாக்கெடுப்பு நடைபெற்றது. ஸ்காட்லாந்தில் 74.3 விழுக்காட்டினரும் வேல்சில் 50.3 விழுக்காட்டினரும் ஆதரித்தனர். வட அயர்லாந்தில் 1998 ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கை புதிய அவைக்கு வழிவகுத்தது. 1999 இல் மூன்று அவைகளும் அதிகாரம் பெற்றன. டால்யெல் அனுமானமாக எழுப்பிய வினா அன்றுமுதல் நடைமுறை வினாவாயிற்று.

இவ்வினாவுக்குச் சிறந்த விடை அதனைக் கேட்காமல் இருப்பதே என்ற பொருளில் அக்காலத்தில் பிரபுக்கள் அவைத் தலைவராக இருந்த இர்வின் பிரபு கூறியது பரவலாக எடுத்தாளப்பட்டது. எதிர்க்கட்சியான பழமைவாதக் கட்சியோ, இங்கிலாந்துக்கான சட்டங்களில் இங்கிலாந்து உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்க வேண்டும் எனக் கோரத் தொடங்கியது.

சர்ச்சைக்குள்ளான வாக்கெடுப்புகள்

2003 நவம்பரில் இங்கிலாந்தின் மருத்துவமனைகளுக்குத் தன்னாட்சி வழங்கும் திட்டம் 17 வாக்குகள் வேறுபாட்டில் நிறைவேறியது. 2004 ஜனவரி 27 அன்று பல்கலைக்கழகக் கட்டணத்தை ஆண்டுக்கு 3,000 பவுண்டு வரை உயர்த்தும் சட்டமூலம் 316க்கு 311 என்ற கணக்கில் தப்பியது. இரண்டிலும் ஸ்காட்லாந்துத் தொழிற் கட்சி உறுப்பினர்களின் வாக்குகளே முடிவைத் தீர்மானித்தன. அவர்களின் தொகுதி மாணவர்கள் ஸ்காட்லாந்தில் பயின்றால் அக்கட்டணம் அவர்களுக்குப் பொருந்தாது என்பதே இங்கிலாந்தில் எழுந்த மனக்குறைக்குக் காரணம்.

இதற்கு ஓரளவு ஈடாக, 2005 தேர்தலில் ஸ்காட்லாந்தின் இடங்கள் 72 இலிருந்து 59 ஆகக் குறைக்கப்பட்டன. எண்ணிக்கை குறைந்தாலும் உரிமை மாறாததால் வினா அப்படியே நீடித்தது.

பார்னெட் வாய்பாடு

1970களின் இறுதியில் கருவூலத் தலைமைச் செயலராக இருந்த அமைச்சர் ஜோயல் பார்னெட்டின் பெயரால் வழங்கும் இவ்வாய்பாடு, மூன்று பகுதிகளுக்குமான நிதியின் ஆண்டு மாற்றத்தைக் கணக்கிடுகிறது. அதன் அடிப்படை பின்வருமாறு:

நிதி மாற்றம் = இங்கிலாந்தின் செலவு மாற்றம் × துறை ஒப்பீட்டு விகிதம் × மக்கள்தொகை விகிதம்

எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தின் பள்ளிகளுக்கு 100 கோடி பவுண்டு கூடுதலாக ஒதுக்கப்பட்டதாகக் கொள்வோம். பள்ளிக் கல்வி முழுவதும் ஸ்காட்லாந்து அவையின் பொறுப்பாகையால் ஒப்பீட்டு விகிதம் 100 விழுக்காடு. ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை இங்கிலாந்தினதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. எனவே ஸ்காட்லாந்துக்கு 10 கோடி பவுண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். அதனைப் பள்ளிகளுக்குத்தான் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இவ்வாய்பாடு மாற்றத்தை மட்டுமே கணக்கிடுகிறது; ஏற்கெனவே உள்ள அடிப்படைத் தொகையை அது ஆராய்வதில்லை. தேவையையும் அளப்பதில்லை. ஸ்காட்லாந்தில் ஒருவருக்கான பொதுச் செலவு தொடக்கத்திலிருந்தே இங்கிலாந்தைவிட அதிகம். இது நியாயமற்றது என்பது இங்கிலாந்தில் பலரின் கருத்து. வறுமையும் முதியோர் தொகையும் மிகுந்த தமக்குத் தேவைக்கேற்ற நிதி கிடைக்கவில்லை என்பது வேல்சின் குறை. பிரபுக்கள் அவைக் குழு ஒன்று 2009 இல், தேவையை அளக்கும் முறை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய இதனைக் கைவிட வேண்டும் எனப் பார்னெட்டே பிற்காலத்தில் கூறினார்.

வாக்கும் நிதியும்

மேற்கூறிய இரண்டும் இணையும் இடமே இவ்வினாவின் மையமாகும். இங்கிலாந்தின் செலவைக் குறைக்கும் ஒரு சட்டம், வாய்பாட்டின் வழியே ஸ்காட்லாந்தின் நிதியையும் குறைக்கும். அவ்வாறாயின் அது இங்கிலாந்துக்கு மட்டும் உரிய சட்டம் அன்று. அதில் வாக்களிக்க ஸ்காட்லாந்து உறுப்பினர்களுக்கு உரிமை உண்டு என்பது ஒரு தரப்பு வாதம். நிதியும் அதிகமாகப் பெற்று, பிறர் சட்டத்திலும் வாக்களிப்பது இரட்டைச் சலுகை என்பது மறுதரப்பு வாதம்.

நடைமுறையிலும் முரண்கள் தோன்றின. எச்எஸ்2 அதிவேக இரயில் திட்டத்தின் பாதை வேல்சுக்குள் செல்லவில்லை. ஆயினும் அது இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் பொதுவான திட்டமாக வகைப்படுத்தப்பட்டதால், ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் உரிய பங்கைப் பெற, வேல்சுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 2017 இல் பெரும்பான்மை இழந்த தெரேசா மே அரசு, சனநாயக ஒன்றியவாதக் கட்சியின் ஆதரவைப் பெற்றபோது வட அயர்லாந்துக்கு 100 கோடி பவுண்டு கூடுதலாக வழங்க ஒப்புக்கொண்டது. அது வாய்பாட்டுக்கு வெளியே வழங்கப்பட்டதால், வேல்சின் முதலமைச்சர் கார்வின் ஜோன்ஸ் கடுமையாகக் கண்டித்தார்.

இங்கிலாந்துச் சட்டங்களுக்கு இங்கிலாந்து வாக்குகள்

2014 செப்டம்பர் 18 இல் ஸ்காட்லாந்து விடுதலை குறித்த வாக்கெடுப்பு நடைபெற்றது. அதற்கு இரு நாட்களுக்கு முன் மூன்று பெரிய கட்சித் தலைவர்களும் பார்னெட் வாய்பாடு தொடரும் என உறுதியளித்தனர். 55.3 விழுக்காட்டினர் விடுதலையை மறுத்தனர். மறுநாள் காலையிலேயே பிரதமர் டேவிட் கேமரன், இங்கிலாந்தின் குரலும் கேட்கப்பட வேண்டும் என அறிவித்தார். ஸ்காட்லாந்துக்கு அளித்த வாக்குறுதியோடு இங்கிலாந்தின் கோரிக்கையை அவர் பிணைத்தது பலரின் அதிருப்திக்கு உள்ளானது.

2015 அக்டோபர் 22 இல் 312க்கு 270 என்ற வாக்குகளில் அவை விதிகள் திருத்தப்பட்டன. ஒரு சட்டமூலம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியது என அவைத்தலைவர் சான்றளித்தால், அதனை மறுக்கும் உரிமை இங்கிலாந்து உறுப்பினர்களுக்குக் கிடைத்தது. ஆனால் முழு அவையின் ஒப்புதலும் தேவைப்பட்டது. 2016 மார்ச்சில் இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் ஞாயிற்றுக்கிழமைக் கடை நேரத்தை நீட்டிக்கும் முயற்சி 317க்கு 286 எனத் தோற்றபோது, ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் வாக்குகள் அதில் பெரும்பங்கு வகித்தன. மறுக்கும் உரிமையைக் கொண்டு எதையும் நிறைவேற்ற முடியாது என்பது அப்போது வெளிப்பட்டது. கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020 இல், நிறுத்தி வைக்கப்பட்ட இவ்விதிகள் 2021 ஜூலை 13 இல் நீக்கப்பட்டன.

பிற தீர்வுகள்

இங்கிலாந்துக்குத் தனி நாடாளுமன்றம் அமைப்பது ஒரு யோசனை. 84 விழுக்காடு மக்களைக் கொண்ட ஓர் அவை, நடுவண் அரசுக்கே போட்டியாகும் என்ற அச்சம் இதற்குத் தடையாக உள்ளது. வட்டார அவைகள் அமைப்பது மற்றொன்று. 2004 நவம்பரில் வடகிழக்கு இங்கிலாந்தில் நடந்த வாக்கெடுப்பில் 77.9 விழுக்காட்டினர் அதனை மறுத்தனர். நிதியில் மட்டும் சில திருத்தங்கள் நிகழ்ந்துள்ளன: 2016 உடன்படிக்கை வேல்சுக்கும், 2024 உடன்படிக்கை வட அயர்லாந்துக்கும் தேவையைக் கணக்கில் கொள்ளும் காரணியைச் சேர்த்தன.

2024 தேர்தலில் தொழிற் கட்சி இங்கிலாந்திலும் தனிப் பெரும்பான்மை பெற்றதால், பிறபகுதி வாக்குகளை நம்பியிருக்க வேண்டிய நிலை அதற்கு நேரவில்லை. அரசு இங்கிலாந்தில் பெரும்பான்மை இழக்கும் காலங்களில் மட்டுமே மேற்கு லோதியன் கேள்வி உரக்க ஒலிக்கிறது. சமமின்மையோ எல்லாக் காலத்திலும் இருந்து வருகிறது.