மின்வில் பற்றவைப்பு: கூத்தாநல்லூர் வட்டாரம்

மின்வில் பற்றவைப்பு என்பது ஓர் உலோகக் குச்சியின் நுனிக்கும் வேலைப்பொருளுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு மின்சாரத்தைத் தாவச் செய்து, அதில் எழும் சூட்டில் இரண்டையும் உருக்கி இணைக்கும் முறை. இப்படித் தாவும் மின்சாரமே வில்; அதன் வெப்பம் 5,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். இரும்பு உருக ஏறத்தாழ 1,540 டிகிரியே போதும். பட்டறைப் பேச்சில் இதற்குக் ‘கரண்டு வெல்டிங்’ என்று பெயர்; குச்சிக்கு ‘ராடு’.

திருவாரூர் மாவட்டத்தில், மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் வழியில் இருக்கும் கூத்தாநல்லூரில் இந்தத் தொழிலுக்கு இரண்டு வகை வேலை. ‘சின்ன சிங்கப்பூர்’ என்று பெயர் வாங்கிய ஊர் இது. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழும் வீடுகளுக்கு கேட்டும் கிரில்லும் மாடிப்படிக் கைப்பிடியும் வேண்டும். மற்றது சுற்றுவட்டார வயல்களின் வேலை: சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் கேஜ் வீல், ரோட்டவேட்டர் கத்தி, அறுவடை இயந்திரத்தின் பாகங்கள். டெல்டா வயல்களின் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்க மரபாகக் குறித்த நாள் ஜூன் 12. குறுவை நெல் சாகுபடிக்கான கேஜ் வீல் அதற்குமுன் தயாராகிவிட வேண்டும்.

கரிக்குச்சியால் வில் மூட்டிப் பற்றவைக்கும் முறையை 1880களில் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த பெனார்டோஸ் உருவாக்கினார். குச்சிக்கு மேல்பூச்சு பூசும் யோசனை ஸ்வீடன்காரர் ஆஸ்கர் செல்பெரியுடையது. 1904இல் அவர் தொடங்கிய நிறுவனமே இன்றைய ஈசாப். தமிழ்நாட்டில் இத்துறைக்குத் தலைமைப்பீடம் திருச்சிதான். அங்குள்ள பெல் கொதிகலன் ஆலையை ஒட்டி 1975இல் பற்றவைப்பு ஆய்வு நிறுவனம் அமைந்தது.

இயந்திரமும் இணைப்பும்

பழைய பட்டறைகளில் இருப்பது செம்பு அல்லது அலுமினியச் சுருள் கொண்ட டிரான்ஸ்பார்மர். பெரும்பாலும் இரண்டு பேஸுக்கு நடுவே, 415 வோல்ட்டில் ஓடும். நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். இப்போது தோளில் மாட்டிக்கொண்டு போகும் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. 230 வோல்ட் சிங்கிள் பேஸில் ஓடி, நேர்மின்சாரம் தரும். பெட்டியில் ‘200’ என்று எழுதியிருப்பது அது வெளியே தரக்கூடிய ஆம்பியர். வீட்டு மின்கம்பி தாங்கும் அளவு அல்ல. 2.5 மி.மீ. ராடை 80 ஆம்பியரில் எரித்தால் 16 ஆம்பியர் பிளக் தாங்கும். 3.15 மி.மீ. ராடு போட்டால் 20 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். அதற்கு, சுமை கூடினால் தானே அணையும் தனி எம்.சி.பி.யும் உலோக உறை போட்ட தொழிற்சாலைப் பிளக்கும் வேண்டும். பிளக்கின் மூன்றாவது முள்ளை ஒடித்துவிட்டுச் செருகும் பழக்கம், இயந்திரத்தின் உடலையே மின்கம்பியாக்கும் வேலை. காற்று போகும் துளைகளைச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வைக்க வேண்டும்.

இயந்திரத்திலிருந்து கிளம்புவது இரண்டு தடித்த கம்பி: ஒன்று ராடைப் பிடிக்கும் ஹோல்டருக்கு, மற்றது வேலைப்பொருளைக் கவ்வும் எர்த் கிளாம்புக்கு. டெல்டாக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். ஹோல்டர் பாசன வாய்க்கால், எர்த் கம்பி வடிகால். வடிகால் அடைத்த வயல் என்னாகும் என்று இங்கே யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் பட்டறையில் ஹோல்டருக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட கிளாம்புக்குக் கிடைப்பதில்லை. துரு, பெயின்ட், காய்ந்த சேறு மேலேயே கவ்வவிடுகிறார்கள். வில் விட்டுவிட்டு எரியும், பழி ராடு மேல் விழும்.

கேஜ் வீலைக் கழற்றச் சோம்பல்பட்டு டிராக்டரில் இருந்தபடியே பற்றவைக்கும்போது இந்த அலட்சியத்துக்கு விலை கூடுகிறது. கிளாம்பை முன் பம்பரில் மாட்டிவிட்டுப் பின்சக்கரத்தில் வில் மூட்டினால், திரும்பும் மின்சாரம் அச்சு, பல்சக்கரம், பேரிங் எல்லாவற்றையும் கடந்தாக வேண்டும். பேரிங்கின் உருளைக்கும் அது ஓடும் தடத்துக்கும் இடையே பொறி தட்டி ஊசிமுனைக் குழிகள் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நடவு மும்முரத்தில் சத்தம் கிளம்பும். சக்கரத்தைக் கழற்றிக் கீழே போடுவதே சரி. முடியாவிட்டால், விரிசலிலிருந்து ஒரு சாண் தூரத்தில், அதே சக்கரத்தின் இரும்பைப் பளிச்சென்று தேய்த்துக் கிளாம்பை மாட்டி, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியையும் கழற்றிவிட வேண்டும்.

ராடும் வில்லும்

சாதாரண வேலைக்கு 6013 வகை ராடு. முதல் இரண்டு எண் பற்றின் (உருகி இணைந்த இடத்தின்) வலிமையையும், மூன்றாவது எண் எல்லா நிலையிலும் பற்றவைக்கலாம் என்பதையும் சொல்கின்றன. 2.5 மி.மீ. ராடுக்கு 60–90 ஆம்பியர், 3.15க்கு 90–130, 4க்கு 140–180. ஐப்பசி அடைமழையில் திறந்த பாக்கெட் ஈரம் குடித்துவிடும். பற்றில் துளை விழும். 6013ஐ 100 டிகிரிச் சூட்டில் உலர்த்தினால் போதும். பளுவான வேலைக்கான 7018க்கு 300 டிகிரிக்குக் குறையாத அடுப்பு வேண்டும். வெயிலில் காயவைப்பது அதற்கு வீண்.

தீக்குச்சி கிழிப்பதுபோல ராடை உரசி, வில் எழுந்ததும் ராடின் கனத்தளவே தூக்கிப் பிடிக்க வேண்டும். எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி விடாத சத்தம் வந்தால் தூரமும் ஆம்பியரும் சரி. ராடு ஒட்டிக்கொண்டால் ஹோல்டரை முறுக்கி எடுக்கலாம். வரவில்லையென்றால் ராடை ஹோல்டரிலிருந்து விடுவித்துவிட வேண்டும். ஆறியபின் பற்றின்மேல் படிந்த கசடைத் தட்டும்போது கண்ணுக்கு வெள்ளைக் கண்ணாடி கட்டாயம்.

ஆபத்துகள்

இந்த மண்ணில் முதல் எதிரி ஈரம். எரியும்போது ராடுக்கும் வேலைப்பொருளுக்கும் இடையே 20–30 வோல்ட்தான். எரியாமல் சும்மா இருக்கும்போது 60–80 வோல்ட் நிற்கும். அதனால் பற்றவைக்கும் நேரத்தைவிட ராடு மாற்றும் நேரமே மோசம்: வியர்த்த கையுறை, ஈரத் தரை, முழங்கால் இரும்பில் ஊன்றியிருக்கும். வீட்டில் மின்கசிவு கண்டால் இணைப்பை அறுக்கும் ஈ.எல்.சி.பி. இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. அது இயந்திரத்துக்குள் நுழையும் மின்சாரத்தைத்தான் கண்காணிக்கும், ஹோல்டர் பக்கத்தை அல்ல. காலுக்கு ரப்பர் அடி போட்ட ஷூ, கீழே உலர்ந்த பலகை, கைக்கு ஓட்டையில்லாத தோல் கையுறை. வயல் வரப்பில் வைத்து வேலை பார்க்காமல் மேட்டுக்குக் கொண்டுவருவது எல்லாவற்றிலும் மேல்.

வில்லின் புறஊதாக் கதிர் கண்ணின் கருவிழியைச் சுட்டுவிடும். வலி உடனே வராது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடு இராத்திரியில், கண்ணில் மணல் அள்ளிப்போட்டதுபோல் எழுப்பிவிடும். உருளைக்கிழங்கு வில்லையும் தாய்ப்பாலும் கைவைத்தியமாகப் பேர் வாங்கியவை. புண்பட்ட கண்ணில் கிருமி ஏற்றவே அவை உதவும். கண் மருத்துவரிடம் போவதே வழி. கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது; முகமூடியில் 10 அல்லது 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகரத் தடுப்பு.

பற்றவைப்புப் புகையைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் சேர்த்தது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் பூச்சை முதலில் தேய்த்தெடுக்காவிட்டால், சாயங்காலம் குளிர்காய்ச்சல் போல நடுக்கும். பால் குடித்தால் சரியாகும் என்பது வெறும் நம்பிக்கை. காற்று முதுகுப் பக்கமிருந்தோ பக்கவாட்டிலோ புகையைத் தள்ளிக்கொண்டு போகுமாறு உட்கார வேண்டும்.

டீசல் டேங்க் நிறைந்திருப்பதைவிடக் காலியாக இருப்பதுதான் பயங்கரம். உள்ளே நிற்கும் ஆவியே வெடிக்கும். சோப்புத்தண்ணீரால் கழுவி, பற்றவைக்கும் இடம்வரை நீர் நிரப்பி, மூடியைத் திறந்துவைத்த பிறகே ராடை எடுக்கலாம். வைக்கோல்போர், கீற்றுக் கொட்டகை, நெல் சாக்கு ஆகியவை பொறி தெறிக்கும் 10 மீட்டர் தூரத்துக்குள் இருக்கக் கூடாது. நகர்த்த முடியாததை நனைத்த சாக்கால் மூடி, வேலை முடிந்த பின்னும் அரை மணி நேரம் ஓர் ஆள் ஒரு வாளித் தண்ணீருடன் அங்கேயே நிற்க வேண்டும். இயந்திரத்தின் மெயினை அணைத்த பிறகுதான் அந்த வாளியைத் தொடலாம்.